ஆசானும் அணியும்

பொதிகையில் பிறக்கும் பொருநை பல ஊர்களைக் கடந்து புன்னக்காயலில் கடல் சேர்கின்றது. பொதிகையை நீங்கினாள் என்று பொருநையை யாரும் பழிப்பதில்லை. ஆனால் ஒரு கழகத்தை விட்டு மற்றொன்றிற்குச் செல்லும் விளையாட்டு வீரனை, நன்றி மறந்தவன் என்று நாம் எளிதில் கூறிவிடுகின்றோம். இது முறையா?

ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராயிருந்த சையத் அப்துல் ரகீம், 1950 முதல் அந்நகரக் காவல்துறைக் கால்பந்து அணியைப் பயிற்றுவித்தார். தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய துளசிதாஸ் பலராம், பயிற்சிக்கு வந்து செல்ல வசதியின்றித் தயங்கினார். வாடகை மிதிவண்டிக்குப் பணம் தந்து அவரை வரவழைத்தவர் ரகீம். அந்தப் பலராம் 1957-இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார்.

உறவு அற்றுவிடவில்லை. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் மீண்டும் ரகீமின் கீழ் ஆடினார். மோகன் பகானின் சுனி கோஸ்வாமியும் கிழக்கு ரயில்வேயின் பி.கே. பானர்ஜியும் உடன் ஆடினர். செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என வென்று, புற்றுநோயுற்றிருந்த தம் ஆசானுக்குத் தங்கத்தைக் காணிக்கையாக்கினர். அடுத்த ஆண்டு ஜூனில் ரகீம் மறைந்தார்.

நம்மிடம் பயிலும் மாணவரும் நாளை நம்மை விட்டுச் செல்வர். வாழ்த்தி அனுப்புவோம், கற்ற கல்வி அவர்களுடன் செல்லும்.