வேதியியல் கணக்கும் சுண்ணாம்புக் காளவாயும்

வேதியியல் என்றால் நமக்கு விருப்பம்தான். நிறம் மாறும் கரைசல்களும் பொங்கி எழும் குமிழிகளும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் கணக்கு வீட்டுப்பாடமாக வந்துவிட்டால் முகம் வாடிவிடுகிறது. காலையில் மணி அடிப்பதற்குள் தோழியின் நோட்டைத் தேடி ஓடுகிறோம். அவள் விடை தவறானால், பாதி வகுப்பும் அதே தவறுடன் எழுந்து நிற்கும்! பிறர் துணையின்றி இக்கணக்குகளை நாம் போட முடியாதா? முடியும். ஒன்றைப் படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

கணக்கு இது: 25 கிராம் தூய கால்சியம் கார்பனேட்டை முற்றிலும் சிதையும்வரை சூடேற்றினால் எத்தனை கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும்? காளவாயில் சுண்ணாம்புக்கல் வேகும்போது நிகழ்வதும் இதே வினைதான்.

முதற்படி: கொடுத்தது 25 கிராம் கார்பனேட், கேட்டது ஆக்சைடின் எடை. இரண்டையும் தனித்தனியே எழுதிக்கொள்வோம். எண்ணுக்குப் பக்கத்தில் அலகும் பொருளின் பெயரும் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: சமன்பாடு. கால்சியம் கார்பனேட் சிதைந்து கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. இரு புறமும் கால்சியம் 1, கார்பன் 1, ஆக்சிஜன் 3. சமன்பாடு சரி.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 1 மோலுக்கு 1 மோல் என்பதால் 25 கிராமுக்கு 25 கிராம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு டஜன் எலுமிச்சையும் ஒரு டஜன் தேங்காயும் எண்ணிக்கையில் ஒன்றே, எடையில் ஒன்றாகுமா? மோலும் டஜனைப் போல எண்ணிக்கையே.

மூன்றாம் படி: எண்ணிக்கையை எடையாக்குதல். அணு எடைகள் கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16. ஆகவே ஒரு மோல் கார்பனேட் 40 + 12 + 48 = 100 கிராம். ஒரு மோல் ஆக்சைடு 40 + 16 = 56 கிராம்.

நான்காம் படி: 100 கிராமிலிருந்து 56 கிராம் கிடைத்தால், 25 கிராமிலிருந்து 25 × 56 / 100 = 14 கிராம்.

ஐந்தாம் படி: சரிபார்த்தல். நாம் வழக்கமாக விட்டுவிடுவது இதைத்தான். ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு 12 + 32 = 44 கிராம். எனவே வெளியேறும் வாயு 25 × 44 / 100 = 11 கிராம். 14 + 11 = 25. கல்லில் இருந்தது முழுவதும் கணக்கில் வந்துவிட்டது!

இதுவே பொருண்மை அழியா விதி. பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் 1789-இல் வெளியிட்ட தம் வேதியியல் நூலில் இதை வற்புறுத்தினார். அந்நூலுக்குக் கருவிகளின் படங்களை வரைந்தவர் அவர் துணைவியார் மேரி ஆன். பெண்களுக்குக் கல்லூரிக் கதவு திறவாத அக்காலத்திலேயே ஆய்வுக்கூடத்தில் கணவருக்குத் துணை நின்று குறிப்பெடுத்தவர் அவர்.

அன்புத் தோழியரே, ஐந்தாம் படியைப் பழக்கமாக்கிக்கொள்வோம். எடைகள் கூடி வராவிட்டால் எங்கோ தவறு உண்டு என்று தாளே நமக்குச் சொல்லிவிடும்; மேலிருந்து ஒவ்வொரு படியாகப் பார்த்துத் திருத்திவிடலாம். பிறகு காலையில் யாருடைய நோட்டையும் தேட வேண்டியதில்லை. ஆசிரியை கரும்பலகைக்கு அழைத்தாலும் அச்சமின்றிச் செல்லலாம்.