குடத்துக்குள்ள ஒரு குடும்பப் படம்

ஆரணிப் பட்டுன்னு இணையத்துல தேடிப் பாருங்க, புடவைப் படமா வந்து குவியும். அதை நெய்த குடும்பத்தோட படம் அபூர்வம். ஸ்டுடியோவுல எடுத்த படத்துல தறி இருக்காது. தறியோட எடுத்த படத்துல நெய்றவர் மட்டும்தான் இருப்பார், ஊடை நூலைத் தார் சுத்திக் குடுத்த அம்மா இருக்க மாட்டாங்க. இது எனக்கு நிஜமாவே வருத்தம்.

இதுக்கு முக்கியக் காரணம் இடம். குழித்தறி போட்ட வீட்டுல தறியும் பாவு நூலுமே கூடத்தை அடைச்சுக்கும். எல்லாரும் தெரியணும்னா பின்னால நகரணும். நகர்ந்தா முதுகு சுவத்துல இடிக்கும்.

இதுக்கு ஒரு வழி, குடத்துல தெரியிற பிம்பத்தைப் படமெடுக்கிறது. உங்க வீட்டு எவர்சில்வர் குடத்தை எடுங்க. அதோட வயிறு வெளிப்பக்கமா புடைச்சிருக்கு, அதாவது குவி ஆடி. பஸ்ஸுல பின்னாடி வர்ற வண்டியைப் பாக்க டிரைவருக்கு வெளியில வச்சிருக்காங்களே, அந்த வகைக் கண்ணாடி. உருவம் சின்னதாகும், ஆனா நேரா நிக்கும், பரந்த இடம் உள்ள வரும்.

ஓவியர்களுக்கு இது பழைய வித்தை. 1434ல யான் வான் எய்க் வரைஞ்ச அர்னோல்ஃபினி தம்பதி ஓவியம் லண்டன் தேசிய ஓவியக் கூடத்துல இருக்கு. பின்சுவத்துல புடைச்ச கண்ணாடி ஒண்ணு. தம்பதியோட முதுகு, ஜன்னல், வாசல்ல நிக்கிற இன்னும் ரெண்டு பேர், அத்தனையும் அந்தச் சின்ன வட்டத்துக்குள்ள. நம்ம நாட்டுல புகைப்படக்காரர் ரகுபீர் சிங், 1991ல ஹவுராவுல நடைபாதைக் கண்ணாடிக் கடை ஒண்ணைப் படமெடுத்தார். தெருவே அந்தக் கண்ணாடிகளுக்குள்ள துண்டு துண்டா நிக்கும்.

இப்ப நம்ம வேலை. குடத்தை விபூதி போட்டு உலர்ந்த துணியால தேய்ங்க. தறிக்குப் பக்கத்துல முக்காலி மேல, சும்மாடு வச்சு நிறுத்துங்க. தண்ணி ஊத்தாதீங்க, பட்டு இருக்கிற இடம். டியூப்லைட்டை அணைச்சிடுங்க, இல்லன்னா குடத்துல வெள்ளைக் கோடு விழும். வாசல் வெளிச்சம் முகங்கள்ல படட்டும்.

குடத்துக்குக் கிட்ட இருக்கிறவங்கதான் பெருசாத் தெரிவாங்க. அதனால பாட்டியை முன்னால உட்கார வைங்க. ஓரத்துல நிக்கிறவங்க வளைஞ்சு போவாங்க, குழந்தைங்களுக்கு அது பிடிக்கும். நெய்றவர் நெய்யட்டும், தார் சுத்துறவங்க சுத்தட்டும். போனை ரொம்பக் கிட்ட கொண்டுபோனா உங்க கைதான் படத்தை அடைச்சுக்கும். கொஞ்சம் தள்ளி நின்னு, ஜூம் பண்ணுங்க. திரையில குடத்தோட விளிம்பைத் தொடாம, உள்ள தெரியிற முகத்தைத் தொட்டு ஃபோகஸ் பண்ணுங்க. அதுதான் இதுல பாதி வேலை. குடத்து மேல ஃபோகஸ் நின்னா கீறல்தான் தெளிவா விழும்.

குடத்துக்குப் பதிலா கரண்டியை எடுத்தா, அதோட உட்குழியில எல்லாரும் தலைகீழாத் தெரிவாங்க. பீரோ கண்ணாடியில உருவம் மாறாது, ஆனா இடமும் விரியாது. எனக்குக் குடத்துக்கு ஈடு எதுவும் இல்லை, ஏன்னா படம் எடுக்கிறவரும் அதுல வந்துடுவார். எல்லா வீட்டுலயும் அவர் ஒருத்தர்தானே விட்டுப் போறது!

எடுத்த படத்தைப் போனோட விட்டுடாதீங்க. அச்சுப் போட்டு, பின்னால எல்லார் பேரும், வருஷமும், அன்னிக்குத் தறியில ஓடின புடவையோட நிறமும் எழுதி வைங்க.