6 மணிக்குக் காப்பகம் பூட்டு. 7½ மணிக்குத்தான் அம்மா! கொட்டிவாக்கத்தில் தினமும் நடக்கும் ஓட்டம்

காலை 7½ மணி. கொட்டிவாக்கம் பஸ் நிறுத்தம்.

ஒரு தோளில் சாப்பாட்டுப் பை. இன்னொரு தோளில் குழந்தை. பஸ் வருவதற்குள் குழந்தையைக் காப்பகத்தில் விட்டாக வேண்டும். குழந்தையோ கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

"அம்மா போயிட்டு உடனே ஓடி வந்துடுவேன்டா கண்ணு!"

இந்தப் பொய்யைச் சொல்லாத தாய் இந்தப் பக்கத்தில் இல்லை. "உடனே" என்பது சாயங்காலம் 7½ மணி என்று குழந்தைக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

வேலை எங்கே?

ஒருவர் தி.நகர் ஜவுளிக்கடையில் நிற்கிறார். ஒருவருக்குப் பாரிமுனையில் ஆபீஸ். இன்னொருவருக்குக் கிண்டியில் கம்பெனி. கொட்டிவாக்கத்தில் இருந்து தி.நகர் 10 கிலோமீட்டர் சொச்சம். பாரிமுனை சுமார் 15 கிலோமீட்டர். தூரம் என்னவோ பெரிது இல்லை. பஸ்சுக்காக நிற்பது, அடையாறில் ஊர்வது, இறங்கி நடப்பது எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். மழை பெய்தால் கணக்கே கிடையாது.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. மாதாமாதம் கையில் காசு நின்றது. ஆனால், அந்த பஸ்சுக்காக மற்ற பஸ்களை விட்டுவிட்டு நிற்கும்போது, மிச்சமான காசுக்கு நேரம் செலவாகிறது.

பாட்டி எங்கே?

கொட்டிவாக்கம் ஒரு காலத்தில் மீனவர் குப்பமும் கிராம ஊராட்சியுமாக இருந்த இடம். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. ஒரு பக்கம் பழைய மாமல்லபுரம் சாலை, மறுபக்கம் கிழக்குக் கடற்கரை சாலை. நடுவில் வீடுகள் முளைத்தன. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது.

வெளியூரில் இருந்து வந்து வாடகைக்குக் குடியேறியவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டுப் பாட்டி ஊரில் இருக்கிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கடைசியில் காப்பகம்தான் கதி.

காலைக்கு வழி பிறந்தது

அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு 2022 செப்டம்பர் 15-ந்தேதி தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அடுப்படியில் அவதிப்படும் தாய்க்கு இது பெரிய ஒத்தாசை.

அதைவிடச் சின்னக் குழந்தைகளுக்கு அங்கன்வாடி உண்டு. 1975 அக்டோபர் 2-ல் பிறந்த திட்டம். சாப்பாடு உண்டு, விளையாட்டு உண்டு, கட்டணம் இல்லை. ஆனால் வேலைக்குப் போன தாய் திரும்புவதற்கு வெகு முன்பே கதவு மூடிவிடும்.

காலைக்கு வழி இருக்கிறது. மத்தியானத்துக்கும் இருக்கிறது. சாயங்காலத்துக்குத்தான் நாதி இல்லை.

ஒன்றரை மணி நேரம்

தனியார் காப்பகங்கள் பலவும் 6 மணிக்கு மூடுகின்றன. ஆபீஸ் விடுவதும் 6 மணிக்கே! அம்மா வந்து சேர 7½ மணி. இடையில் ஒன்றரை மணி நேரம். வாரத்தில் 6 நாள் வேலை என்றால் 9 மணி நேரம். ஒரு முழு நாள் வேலைக்குச் சமம்.

இந்த ஒன்றரை மணி நேரத்தை யார் சுமக்கிறார்கள்? பக்கத்து வீட்டு அக்கா. வீட்டுக்காரரின் தாயார். அவர்களும் இல்லாவிட்டால், குழந்தையின் மூத்த சகோதரி. மூத்தவள் என்றால் அவளுக்கே 9 வயதுதான் இருக்கும். அவள் வீட்டுப்பாடம் எழுதுவது எப்போது? விளையாடுவது எப்போது? வெளியே எட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் சீறிப் பாயும் கார்கள். மறுபக்கம் கடல்.

"பஸ் கிடைக்கலைக்கா. இன்னும் பத்தே நிமிஷம்!" பஸ்சில் தொங்கிக்கொண்டே போனில் கெஞ்சும் குரலை, உடன் பயணம் செய்யும் நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டது. பேறுகால விடுப்பு 26 வாரம் ஆனது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் 4 தடவை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி தொடர்கிறது.

நல்ல விதிதான். ஆனால் இரண்டு ஓட்டை இருக்கிறது. 20 பேர் வேலை செய்யும் கடைக்கு இது பொருந்தாது. அடுத்தது, ஆபீசில் காப்பகம் இருந்தாலும் கைக்குழந்தையோடு நெரிசல் பஸ்சில் எப்படி ஏறுவது? ஒரு நாள் ஏறலாம். தினமும் முடியுமா?

கடை வைத்திருக்கும் முதலாளிமார் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நாற்காலி போட்டதால் எந்தக் கடையும் மூடிவிடவில்லை. கைக்குழந்தைக்காரியை ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி, ஒரு மணி நேரம் முன்னதாக அனுப்பினாலும் வியாபாரம் படுத்துவிடாது.

ஜப்பானில் ஒரு வழி

டோக்கியோவுக்குப் பக்கத்தில் நாகரேயாமா என்று ஓர் ஊர். அங்கேயும் தாய் தகப்பன் ரயில் ஏறித்தான் வேலைக்குப் போகிறார்கள். 2007-ல் அந்த ஊர் நகராட்சி ஒரு காரியம் செய்தது. ரயில் நிலையத்தை ஒட்டியே குழந்தைகளை ஒப்படைக்க ஓர் இடம் திறந்தது. காலையில் அங்கே விட்டுவிட்டு ரயில் ஏறலாம். அங்கிருந்து பஸ் குழந்தைகளைக் காப்பகங்களுக்குக் கொண்டுபோகும். சாயங்காலம் அதே பஸ் திரும்பக் கொண்டுவரும். பெற்றோர் ரயிலை விட்டு இறங்கியதும் குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாம்.

நமக்கும் இடம் இருக்கு!

கொட்டிவாக்கத்துக்குப் பக்கத்திலேயே திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. கடற்கரையில் இருந்து சேப்பாக்கம் வரை 1995-ல் ஓடத் தொடங்கிய ரயில், 2004-ல் திருவான்மியூருக்கு வந்தது. இந்தப் பாதையில் நிலையங்களை அரண்மனை மாதிரிக் கட்டினார்கள். பயன்படாமல் கிடந்த கூடங்களைப் பயணிகள் ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கிறார்கள்.

பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க 2025-ல் ரயில்வே வாரியம் கொள்கை அளவில் சம்மதித்தது. நிலையங்களைப் புதுப்பிக்கும்போது கடைகளுக்கு இடம் ஒதுக்குவார்கள். அதோடு குழந்தைகளுக்கும் ஒரு கூடம் ஒதுக்கினால் என்ன? சுத்தமான கழிப்பறை, போலீஸ் விசாரித்துச் சேர்த்த ஆயாக்கள், அடையாள அட்டை காட்டினால்தான் குழந்தையை ஒப்படைப்பது, இரவு 8½ வரை திறந்திருப்பது. இவ்வளவு போதும்.

தகப்பன்மாரே!

காப்பகம் எப்போது போன் செய்தாலும் தாய்க்குத்தான் செய்கிறது. தகப்பனின் ஆபீஸ் பக்கத்தில் இருந்தாலும் தி.நகரில் இருந்து தாய்தான் ஓடி வருகிறாள். வாரத்தில் மூன்று நாள் "நான் கூட்டிட்டு வர்றேன்" என்று கணவர் சொன்னால் பாதிச் சுமை இறங்கும்.

காப்பகத்தில் பணம் கட்டும் முன்பு மூடும் நேரத்தைக் கேளுங்கள். குழந்தையை அழைத்துப்போக இரண்டு பேரின் பெயரும் படமும் கொடுத்து வையுங்கள். ஒரே தெருவில் நாலு குடும்பம் சேர்ந்தால் சாயங்காலத்துக்கு மட்டும் ஓர் ஆயாவை வைத்துக்கொள்ள முடியும். 50 பேர் வேலை செய்யும் இடமா? காப்பகம் வேண்டும் என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

பஸ் தாமதமாகும். வழியில் நெரிசல் இருக்கும். அதையெல்லாம் தாய்மார்கள் சகித்துக்கொள்கிறார்கள். தாங்கள் வந்து சேரும்வரை காப்பகத்தில் விளக்கு எரிய வேண்டும். அவர்கள் கேட்பது அது ஒன்றுதான்.