பிரிண்டர் "படுத்த" மர்மம்! ஓட்டை மாறியதால் வந்த வினை

சாயங்காலம். கடையில் நல்ல கூட்டம். பில் பிரிண்டர் திடீரென்று மக்கர் செய்தது. "நேத்து வரைக்கும் ஓடுச்சே!" என்று கையைப் பிசைந்தார் கடைக்காரர்.

நடந்தது என்ன?

காலையில் பெருக்கியபோது ஒயரைப் பிடுங்கி, பக்கத்து ஓட்டையில் செருகிவிட்டார்கள். அவ்வளவுதான்!

யு.எஸ்.பி. சாமானைச் செருகியதும் அது கம்ப்யூட்டருக்கு 2 நம்பர் சொல்லும். ஒன்று கம்பெனிக்கு, மற்றது மாடலுக்கு. சிலவற்றுக்குத் தனி சீரியல் நம்பரும் உண்டு. அது இருந்தால், எந்த ஓட்டையில் செருகினாலும் "நம்ம பழைய ஆள்தான்" என்று விண்டோஸ் கண்டுகொள்ளும். இல்லாவிட்டால் ஓட்டைதான் அடையாளம். ஓட்டை மாறினால் அதே பிரிண்டரைப் புதுசு என்று இன்னொரு பெயரில் பதிந்துவிடும். பில்லோ பழைய பெயரிலேயே காத்துக் கிடக்கும்!

கடைப் பையன் ஒயரைப் பழைய ஓட்டையில் செருகினான். கடகடவென்று பில்கள் வந்து விழுந்தன. அதற்குள் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.