உடையாத வில்லை, உடனே கரையும் வில்லை

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் மட்டுமன்றித் தமிழ்நாட்டில் பல வீடுகளிலும் பொரி உருண்டை பிடிப்பார்கள். நன்றாகப் பிடித்த உருண்டை கைதவறிக் கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. அதையே ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டுப் பாருங்கள். வெல்லப்பாகு இளகி, சிறிது நேரத்தில் பொரிகள் தனித்தனியாகப் பிரிந்து மிதக்கும். அதே எடையுள்ள பெரிய கற்கண்டுக் கட்டியைப் போட்டால் என்ன ஆகும்? அது கரைவதற்குள் உங்களுக்குப் பொறுமை போய்விடும். கற்கண்டில் உறுதி உண்டு, விரைவு இல்லை. பொரி உருண்டையில் இரண்டும் உண்டு. காரணம், பாகு பொரிகளை அவை தொடும் இடங்களில் மட்டுமே ஒட்டுகிறது. மற்ற இடமெல்லாம் காற்று. நீர் நுழைய வழி திறந்தே கிடக்கிறது.

சலவை இயந்திரத்தில் போடும் டிடர்ஜெண்ட் வில்லையைச் செய்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். லாரியில் குலுங்கும்போது வில்லை நொறுங்கக்கூடாது. ஆனால் குளிர்ந்த நீரில் விழுந்ததும் சில நிமிடங்களில் கரைந்துவிட வேண்டும். 1960-களில் அமெரிக்காவில் ‘சால்வோ’ என்ற சலவை வில்லை விற்பனைக்கு வந்தது, அது நிலைக்கவில்லை. 1998-இல் பிரிட்டனில் யூனிலீவர் நிறுவனம் ‘பெர்சில்’ வில்லைகளை வெளியிட்ட பிறகுதான் இந்த வடிவம் மீண்டும் கடைகளில் இடம்பிடித்தது.

தூளை அழுத்தி வில்லையாக்கும் கலையோ இதைவிடப் பழையது. வில்லியம் பிராக்டன் என்ற ஆங்கில ஓவியர் 1843-இல் ஒரு காப்புரிமை பெற்றார். மாத்திரைக்கும் பென்சிலுக்கான காரீயத்துக்கும் ஒரே காப்புரிமை! இரண்டையும் அச்சில் வைத்து அழுத்தினால் பசையில்லாமலே தூள் கட்டியாகும் என்று அவர் கண்டார். அழுத்தத்தில் துகள்கள் நசுங்குகின்றன. அவை ஒன்றையொன்று தொடும் பரப்பு பெருகுகிறது. அந்தத் தொடுபரப்புகளில் மூலக்கூறுக் கவர்ச்சி பிடித்துக்கொள்கிறது. இன்னும் அழுத்தினால் இன்னும் உறுதி.

அப்படியானால் நன்றாக அழுத்திவிட்டால் போதாதா? போதாது. அழுத்த அழுத்தத் துகள்களுக்கு இடையே உள்ள நுண்துளைகள் சுருங்குகின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல, வில்லைக்குள் நீர் ஏறுவதும் நுண்புழைக் கவர்ச்சியால்தான். இதற்கான விதியை 1921-இல் எட்வர்ட் வாஷ்பர்ன் என்ற அமெரிக்க அறிவியலார் தந்தார். நீர் புகும் ஆழத்தின் வர்க்கம் துளையின் ஆரம், பரப்பு இழுவிசை, காலம் ஆகியவற்றுக்கு நேர்விகிதத்திலும், திரவத்தின் பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். இதன் பொருளைக் கவனியுங்கள். வில்லையின் தடிப்பு இருமடங்கானால் நீர் நடுவரை செல்ல நான்கு மடங்கு நேரம் ஆகும். துளையின் ஆரம் பாதியானால் நேரம் இருமடங்காகும்.

இதைவிடப் பெரிய தொல்லை பாகுநிலையில் இருக்கிறது. கேழ்வரகுக் களி கிண்டும்போது மாவை ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டும் அல்லவா? அந்தக் கட்டியைப் பிட்டுப் பாருங்கள். வெளியே கூழ், உள்ளே உலர்ந்த மாவு. வெளிப்புறக் கூழே நீரை உள்ளே விடாமல் காவல் காக்கிறது. டிடர்ஜெண்டும் அப்படித்தான். கொஞ்சம் நீர் பட்டதும் அது கரைந்து, தேனைவிடத் தடித்த பசையாகித் துளைகளை அடைத்துவிடுகிறது. பாகுநிலை ஆயிரம் மடங்கானால் நேரமும் ஆயிரம் மடங்கு என்று விதி சொல்கிறது. வில்லைகள் நடுவில் கரையாமல் நிற்பதற்கு முதற்காரணம் இதுவே என்பது என் கருத்து.

எனவே, பசை உண்டாகும் முன்பே வில்லையைப் பிளந்துவிட வேண்டும். கருங்கல்லில் வரிசையாகக் குழி வெட்டி, உலர்ந்த மர ஆப்புகளை இறுக்கி, நீர் ஊற்றிப் பிளப்பது பழைய முறை என்பார்கள். மாமல்லபுரத்துப் பாறைகளில் அத்தகைய ஆப்புக்குழி வரிசைகளை இன்றும் காணலாம். மாத்திரைக்குள்ளும் அப்படி ஆப்பு வைக்கிறார்கள். மாவுச்சத்து, செல்லுலோஸ் போன்றவற்றின் துகள்கள் நீரை உறிஞ்சி வீங்கி, சுற்றியுள்ள பிணைப்புகளை நெம்பித் தள்ளும். இங்கே ஒரு நுட்பம்: ஆப்பு வீங்க வேண்டும், ஆனால் கூழாகக்கூடாது. கூழானால் அதுவே அடைப்பாகிவிடும். இதற்காக மாவுச்சத்தின் நீண்ட மூலக்கூறுகளை வேதிமுறையில் குறுக்கே பிணைத்துவிடுகிறார்கள். அப்போது அது பல மடங்கு வீங்கும், கரையாது.

சிட்ரிக் அமிலத்தையும் சமையல் சோடாவையும் சேர்ப்பது இன்னொரு வழி. நீர் பட்டதும் எழும் கரியமில வாயு வில்லையை உள்ளிருந்தே சிதறடிக்கும். காற்றின் ஈரம் பட்டாலே இது வேலையைத் தொடங்கிவிடும் என்பதால் காற்றுப் புகாத உறையில் அடைக்க வேண்டும். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. வில்லையை மென்மையாகவே அழுத்தி, அதன்மேல் அடிப்பிக் அமிலம் போன்ற பொருளால் மெல்லிய ஓடு ஒன்றைப் படியவிடுகிறார்கள். முட்டையைப்போல உறுதி ஓட்டில், நெகிழ்வு உள்ளே!

துணி வெளுப்பதற்கு இவ்வளவு பாடா என்று நினைக்கலாம். இதே அறிவு ஒரு குழந்தையின் உயிரோடும் தொடர்புடையது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலுடன் துத்தநாக மாத்திரையும் தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் பரிந்துரைத்தன. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாட்கள். கைக்குழந்தை மாத்திரையை விழுங்காது. தொண்டையில் சிக்கினால் ஆபத்து. ஆகவே, தாய் அதைத் தேக்கரண்டியில் சிறிது நீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துப் புகட்டுகிறாள். மேல்பூச்சற்ற சாதாரண மாத்திரை 37 டிகிரி செல்சியஸ் நீரில் 15 நிமிடத்துக்குள் சிதைந்தால் போதும் என்கிறது இந்திய மருந்துத்தர நூல். கரைத்துக் குடிக்கும் மாத்திரைக்கோ 3 நிமிடமே கெடு. அழுகிற குழந்தையை மடியில் வைத்திருப்பவளுக்கு அதுவும் நீண்ட நேரந்தான். இத்தனைக்கும் மாத்திரை மென்மையாக இருந்துவிடக்கூடாது. சுழலும் உருளையில் போட்டு 100 சுற்றுச் சுற்றினாலும் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் உதிரக்கூடாது என்பது சோதனை.

நம் ஊர்த் துவைகல்லில் தேய்க்கும் சலவைக் கட்டிக்கு இதற்கு நேர்மாறான கணக்கு. அது ஈரத்திலேயே கிடந்தாலும் சீக்கிரம் கரையக்கூடாது. சென்னை மணலியில் உள்ள தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையில் செய்யும் லீனியர் ஆல்கைல் பென்சீன்தான் தூளுக்கும் கட்டிக்கும் பொதுவான மூலப்பொருள் வகை. ஆனால் கட்டியைக் களிமண் முதலியன சேர்த்துப் பிசைந்து, துளையே இல்லாதபடி நெருக்கித் தள்ளி வார்க்கிறார்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். சலவைத் தூளில் சில துளி நீர் தெளித்துப் பிசறி, மூன்று சோடாப் புட்டி மூடிகளில் நிரப்புங்கள். முதலாவதை விரலால் மெல்ல அழுத்துங்கள். இரண்டாவதைக் கட்டை விரலால் முழுப் பலத்தோடு அழுத்துங்கள். மூன்றாவதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வில்லைகள் செய்து ஒரு நாள் உலர விடுங்கள். ஒன்றின்மேல் புத்தகங்களை அடுக்கி, எத்தனை புத்தகத்தில் நொறுங்குகிறது என்று எண்ணுங்கள். மற்றதை ஒரே வெப்பநிலையிலுள்ள நீரில் போட்டுக் கரையும் நேரத்தைக் குறியுங்கள். இரு எண்களையும் வரைபடத்தாளில் புள்ளிகளாக இடுங்கள். பிறகு தூளில் ஒரு சிட்டிகை மரவள்ளி மாவு கலந்து நான்காவது வில்லை செய்து, அதன் புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள்.