மூன்று டிரம்மும் ஒரு கடிகாரமும்

ஓசூர் சிப்காட்டில் முதல் ஷிஃப்ட் விட்டு ஜனம் வெளியே வருகிற நேரம். டீக்கடை பெஞ்சில் அரை ஆள் இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அந்த அரை இடத்தில் வந்து ஒடுங்கி உட்கார்ந்தான், எனக்குப் பழக்கமான தம்பி ஒருவன். பர்கூர் பக்கத்துப் பையன். ஒரு கம்பெனியில் அப்ரெண்டிஸ். டீ வருவதற்குள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

வீடியோவில் தொப்பி போட்ட ஒரு பெண் குதிரையில் பாய்ந்து வருகிறாள். மைதானத்தில் மூன்று டிரம். ஒவ்வொன்றையும் ஒட்டிச் சுற்றிவிட்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்த வழியே பறந்துவிட்டாள். மொத்தமும் பதினாறு, பதினேழு செகண்ட் இருக்கும்.

“அண்ணா, இதுல எல்லா வீடியோவுலயும் பொம்பளைங்கதான் ஓட்டறாங்க. ஆம்பளைங்க ஓட்டக் கூடாதா?”

அமெரிக்கக் குதிரைப் பந்தயம் பற்றி இவனுக்கென்ன திடீர் அக்கறை என்று கேட்டேன். கொஞ்சம் நெளிந்துவிட்டுச் சொன்னான். கம்பெனி விளையாட்டு விழாவில் ஆண்கள் த்ரோபால் அணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். அது பொம்பளைங்க ஆட்டமாம், ரூமில் இருக்கும் பையன்கள் ஒரு வாரமாகக் கேலி செய்கிறார்கள். நேற்று ஒருவன் ஃபேன்சி ஸ்டோரில் வளையல் வாங்கி வந்து அவன் தலையணை மேல் வைத்துவிட்டானாம்.

இது இரண்டு டீக்கான விஷயம். மாஸ்டரிடம் இன்னொன்று சொல்லிவிட்டு, மூன்று காலி கிளாஸ் வாங்கிப் பெஞ்சின் மேல் முக்கோணமாக வைத்தேன்.

“முதல்ல ஆட்டம் என்னன்னு பாரு. இதுக்குப் பேரு பேரல் ரேஸ்.”

முன்னால் இரண்டு டிரம், அவற்றுக்கு நடுவே 90 அடி. அந்த இரண்டிலிருந்தும் பின்னால் இருக்கும் மூன்றாவதுக்கு 105 அடி. புறப்படும் கோட்டிலிருந்து முதல் டிரம்முக்கு 60 அடி. டிரம் என்றால் விசேஷமாகச் செய்தது இல்லை. அவர்கள் கணக்கில் 55 கேலன், நம் கணக்கில் 200 லிட்டர் சொச்சம். சிப்காட்டில் எந்தக் கம்பெனியின் பின்கட்டுக்குப் போனாலும் ஆயில் டிரம், கெமிக்கல் டிரம் அடுக்கியிருக்குமே, அதுவேதான்.

குதிரை கோட்டைத் தாண்டும்போது மின்கண் கடிகாரத்தை ஓடவிடும். பெரும்பாலானவர்கள் வலப்பக்க டிரம்மை முதலில் சுற்றுவார்கள், அடுத்து இடப்பக்கத்து டிரம், கடைசியாகப் பின்னால் இருப்பது. அப்படியே நேரே வெளியே. குளம்புத் தடத்தை மேலிருந்து பார்த்தால் புளியாரை இலை மாதிரி மூன்று இதழ் தெரியும். டிரம்மை உரசலாம், சாய்வதைக் கையால் பிடித்து நிறுத்தலாம். விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் 5 செகண்ட் கூடும். செகண்டில் நூறில் ஒரு பங்கில் முதல் பரிசு கைமாறுகிற ஆட்டத்தில் 5 செகண்ட் என்றால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

“நம்ம பக்கம் எருது விடற மாதிரியாண்ணா?”

சரியாகப் பிடித்தான். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்து எருது விடும் விழாவில், குறித்த தூரத்தை எந்த மாடு குறைந்த செகண்டில் கடக்கிறதோ அதற்குப் பரிசு. அங்கே மாடு தனியாக ஓடுகிறது, இங்கே குதிரையின் மேல் ஆள் இருக்கிறார். அந்த ஆளுக்கு என்ன வேலை என்பதில்தான் இவன் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

குதிரை அரை டன் எடை. முழு வேகத்தில் திருப்பினால் டிரம் போய்விடும். முன்கூட்டியே அடக்கினால் நேரம் போய்விடும். திருப்பத்துக்குச் சரியாக எத்தனை எட்டு முன்னால் சேணத்தில் அழுந்தி உட்கார வேண்டும், எப்போது பார்வையை அடுத்த டிரம்முக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் வித்தை. ஓட்டுபவரின் உடல் சாய்ந்தால் குதிரையும் சாயும். புஜபலத்தை வைத்து அரை டன்னை இழுத்துத் திருப்ப யாராலும் முடியாது.

சார்மெய்ன் ஜேம்ஸ் என்ற பெண் 1984-ல், பதினான்கு வயதில், இந்த ஆட்டத்தின் உலகப் பட்டத்தை வென்றார். 1993 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் அந்தப் பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பத்துப் பட்டமும் ஸ்கேம்பர் என்ற ஒரே குதிரையின் மேல். 1985 தேசிய இறுதிப் போட்டியில் ஒரு சுற்றில் ஸ்கேம்பரின் கடிவாளம் கழன்றுவிட்டது. குதிரை நிற்கவில்லை. மூன்று டிரம்மையும் தானே சுற்றி முடித்தது, அந்தச் சுற்றின் முதல் பரிசும் அவர்களுக்குத்தான். ஆட்டத்தின் சாரம் அதுதான்: இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற பழக்கம். அதில் ஒருவர் குதிரை. இன்னொருவர் ஆணா பெண்ணா என்பது அந்தப் பழக்கத்துக்குப் பொருட்டில்லை.

“அப்ப ஆம்பளையும் ஓட்டலாம்ல? ஏன் விட மாட்டேங்கறாங்க?”

“கதவு சாத்தியிருந்தா, யார் சாத்தினாங்க, எப்ப சாத்தினாங்கன்னு முதல்ல கேக்கணும் தம்பி.”

அமெரிக்காவில் ரோடியோ என்று ஒரு திருவிழா. திமிறும் குதிரை மேல் உட்காருவது, காளை மேல் உட்காருவது, கன்றைக் கயிறு வீசிப் பிடிப்பது என மாட்டுப் பண்ணை வேலைகளே அங்கே போட்டிகள். ஒரு காலத்தில் பெண்களும் திமிறும் குதிரைகள் மேல் ஏறினார்கள். 1929-ல் பெண்டில்டன் என்ற ஊரில் பானி மெக்கரோல் என்ற வீராங்கனை குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார். ஆண்களும் இப்படி விழுந்து செத்தது உண்டு, அதற்காக ஆண்களின் போட்டியை யாரும் நிறுத்தவில்லை. பெண்டில்டனில் பெண்களின் போட்டி நின்றது. மற்ற ஊர்களிலும் மெல்ல மெல்லக் கதவு சாத்தப்பட்டது.

அதற்குப் பதிலாகக் கிடைத்தது அலங்கார இடம். 1931-ல் டெக்சாஸின் ஸ்டாம்ஃபோர்டு ஊரில் நடந்த விழாவுக்கு ஊருக்கு ஒரு பெண்ணை அனுப்பச் சொன்னார்கள். குதிரையில் டிரம்களைச் சுற்றி வர வேண்டும். உடுப்புக்கு மார்க், குதிரையின் அழகுக்கு மார்க், ஓட்டியதற்கும் மார்க். பேரல் ரேஸின் தொடக்கங்களில் ஒன்று அது. பந்தலில் வைத்த பூச்சாடி மாதிரி.

1948-ல் சான் ஏஞ்சலோ நகரில் 38 பெண்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். உடுப்புக்கு மார்க் வேண்டாம், விதிமுறை வேண்டும், நேர்மையான பரிசு வேண்டும் என்றார்கள். 1967-ல் பேரல் ரேஸ் தேசிய இறுதிப் போட்டிக்குள் நுழைந்தது. 1980-ல் ரோடியோ நடத்துபவர்களுக்குக் கெடு வைத்தார்கள்: 1985-க்குள் ஆண்களின் போட்டிகளுக்கு இணையான பரிசுத்தொகை வராவிட்டால் நாங்கள் வர மாட்டோம். பணம் வந்தது. தேசிய இறுதிப் போட்டியில் அது முழுச் சமம் ஆவதற்கு அதற்குப் பிறகும் ஆண்டுகள் பிடித்தன. 38 பெண்களின் அந்தச் சங்கம் இன்று பெண்கள் தொழில்முறை ரோடியோ சங்கம். பெரிய தொழில்முறை ரோடியோக்களில் பேரல் ரேஸ் அதன் உறுப்பினர்களுக்கு மட்டும்தான்.

“அதாவது, வீட்டுல எல்லா ரூமையும் அண்ணன் தம்பிங்க எடுத்துக்கிட்டாங்க. திண்ணை மட்டும் மிச்சம். அந்தத் திண்ணையைத் தங்கச்சி மெழுகிக் கோலம் போட்டு, நாலு பேர் வந்து உக்கார்ற மாதிரி பண்ணிட்டா. இப்ப அண்ணன் வந்து, ‘திண்ணையில எனக்கு ஏன் இடம் இல்லை’ன்னு கேக்கறான்.”

தம்பி சிரித்தான். உடனே முகம் மாறியது. “நம்ம ஊர்லயும் அப்படித்தானண்ணா? ‘பெண்கள் மட்டும் தேவை’ன்னு எத்தனை போர்டு! எங்க செட்டுப் பசங்க எவ்வளவு கடுப்பாவாங்க தெரியுமா?”

அவன் சொல்வது கண்ணெதிரே இருப்பதுதான். போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் ஆலை முழுக்கப் பெண்களே நடத்தும் ஆலை, 10,000 பெண்களுக்கு வேலை என்று 2021-ல் அறிவித்தது. எலெக்ட்ரானிக்ஸ் அசெம்ப்ளி லைன்களில் இந்தப் பக்கம் பெரும்பாலும் பெண்கள்தான். இதிலும் இரண்டு சங்கதி கலந்திருக்கிறது. ஊத்தங்கரையிலிருந்தும் தளியிலிருந்தும் ஒரு பெண் முதல்முறையாகச் சம்பளம் வாங்கக் கிளம்புவதற்கு அந்த போர்டு வழிவிடுகிறது. அதே சமயம், ‘பொம்பளைப் பிள்ளைகளுக்கு விரல் மெல்லிசு, பொறுமை ஜாஸ்தி, எதிர்த்துப் பேசாது’ என்று பாராட்டுகிற மாதிரி ஒரு பேச்சும் உலகமெங்கும் இந்தத் தொழிலைச் சுற்றி உண்டு. முதலாவது கதவைத் திறப்பது. இரண்டாவது பூச்சாடி. ‘பெண்களுக்கு மட்டும்’ என்று எங்கே பார்த்தாலும் இந்த இரண்டில் எது என்று பார்த்துவிட்டுத்தான் கோபப்பட வேண்டும்.

சரி, ஆண்கள் பேரல் ரேஸ் ஓட்டுவதே இல்லையா? ஓட்டுகிறார்கள். தொழில்முறை ரோடியோவுக்கு வெளியே களம் பெரியது. 1992-ல் தொடங்கிய தேசிய பேரல் குதிரைச் சங்கம் ஆண், பெண், சிறுவர், முதியவர் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறது. இளங்குதிரைகளைப் பழக்கி முதல்முறை களமிறக்கும் ஃப்யூச்சுரிட்டி என்ற போட்டிகளில் பெரும் பணம் புழங்குகிறது. லான்ஸ் கிரேவ்ஸ், டால்மட்ஜ் கிரீன் போன்ற ஆண்கள் பெயரெடுத்தது அங்கேதான். பெண்கள் ஓட்டும் பல குதிரைகளைப் பழக்கியவர்களும் ஆண்களே. ஆனால் ‘இது பெண்பிள்ளை ஆட்டம்’ என்ற கேலி அங்கேயும் உண்டு. தலையணையில் வளையல் வைக்கிறவன் எல்லா தேசத்திலும் இருக்கிறான்.

எல்லோரையும் சேர்த்தால் புதிதாக வருகிறவன் ஜெயிப்பது எப்படி? அதற்கு அந்தச் சங்கம் ஒரு நல்ல வழி பிடித்தது. அன்றைக்கு முதலில் வந்தவரின் நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து அரை செகண்ட் தள்ளி ஒரு கோடு, ஒரு செகண்ட் தள்ளி ஒரு கோடு, இரண்டு செகண்ட் தள்ளி ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு பிரிவு, ஒவ்வொரு பிரிவிலும் பரிசு. முதல் ஆள் 16 செகண்டில் முடித்தால், 17-ஐ ஒட்டி முடித்தவரும் தன் பிரிவில் முதல்வராகப் பணம் வாங்கிக்கொண்டு போகலாம். ஆளைப் பிரிப்பது கடிகாரம். டைட்டன் கடிகாரம் செய்கிற ஊர்க்காரர்களுக்கு இந்த யோசனை பிடிக்காமல் போகாது.

குதிரையும் நமக்கு அந்நியம் இல்லை. இதோ மத்திகிரி கால்நடைப் பண்ணை, ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கும் மேல், 1824-ல் ராணுவத்துக்குக் குதிரை தயார் செய்யும் இடமாகத்தான் தொடங்கியது. அன்று அந்தக் குதிரைகள் மேல் ஏறியவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒலிம்பிக் குதிரையேற்றத்திலும் 1952 வரை பெண்களுக்கு இடமில்லை. இன்று அங்கே ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே பட்டியலில். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் அணிப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா என இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். குதிரையேற்றத்தில் இந்தியா தங்கம் பார்த்து அப்போது 41 ஆண்டு ஆகியிருந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. நீரில் நடனமாடும் ஆர்ட்டிஸ்டிக் ஸ்விம்மிங்கில் பில் மே என்ற அமெரிக்கர் 2015-ல் கலப்பு இரட்டையரில் உலகப் பட்டம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓர் அணிக்கு இரண்டு ஆண்கள் வரை சேர்க்கலாம் என்று விதி தளர்ந்தது. ஒரு நாடும் ஓர் ஆணையும் சேர்க்கவில்லை. விதிப் புத்தகத்தில் திறந்த கதவு, மனதில் திறக்க நாள் பிடிக்கிறது.

“இப்ப உன் ஆட்டத்துக்கு வா” என்றேன்.

த்ரோபால் நம் நாட்டில் முதலில் வேர் பிடித்தது சென்னையில்தான். 1940-களில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகப் பெண்களுக்கான ஆட்டமாக வந்து, அடுத்த பத்தாண்டில் பெங்களூருக்குப் போனது. நம் பள்ளிக்கூடங்களில் அதற்கு எறிபந்து என்று பெயர். அணிக்கு ஏழு பேர். ஓங்கி அடிக்கக் கூடாது, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், மூன்று செகண்டுக்குள் ஒரு கையால், தோளுக்கு மேலிருந்து எறிய வேண்டும். வாலிபாலைவிட மென்மையானது, பெண்களுக்குப் போதும் என்று எண்ணிக் கொடுத்த ஆட்டம். கொடுத்தவர்கள் கவனிக்காதது அந்த மூன்று செகண்டை. பிடித்த மறுகணம் எதிர்ப்பக்கம் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

“ஆமாண்ணா,” என்றான் தம்பி, கொஞ்சம் வெட்கத்தோடு. “போன வாரம் பிராக்டிஸுக்கு லேடீஸ் டீம் கூட ஆடினோம். பதினஞ்சுக்கு ஆறுல தோத்தோம். நாங்க பலமா எறிஞ்சோம், அவங்க ஆள் இல்லாத இடமா பாத்து எறிஞ்சாங்க.”

“இதை ரூம்ல சொன்னியா?”

“சொன்னா வளையலோட பொட்டும் வாங்கிட்டு வருவானுங்க.”

அந்த வளையல் இவனைக் கேலி செய்வதற்காக வைத்தது என்று இவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். பெண்ணைப் போல இருப்பது கேவலம் என்று நம்பினால்தான் அது கேலியாகும். பதினைந்துக்கு ஆறில் ஜெயித்த அந்த ஏழு பேரின் கையிலும் வளையல் இருந்திருக்கும், ஆட்டத்துக்கு முன் கழற்றி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பையன்களுக்கும் இப்போது பள்ளிப் போட்டிகளில் எறிபந்து உண்டு. அதனால் பெண்கள் அணிக்கு ஓர் இடமும் குறையவில்லை. பேரல் ரேஸிலும் நான் சொல்வது அதுதான்: ஆண்கள் தாராளமாக ஓட்டட்டும், கடிகாரம் பிரிக்கிற களத்தில். அந்த 38 பேர் மெழுகிய திண்ணையை மட்டும், மற்ற அறைகள் திறக்கும்வரை, விட்டுவைக்கலாம்.

தம்பி இரண்டாவது டீயைக் குடித்து முடித்தான். விரலைக் குதிரையாக்கி, கிளாஸ்களை ஒரு முறை சுற்றிப் பார்த்தான். வலது, இடது, பின்னால். மூன்றாவது திருப்பத்தில் முழங்கை பட்டுக் கிளாஸ் சாய்ந்தது. அது தரையில் விழுமுன் கல்லாவுக்குப் பின்னாலிருந்து கை நீட்டிப் பிடித்தார் மாஸ்டரின் மனைவி. இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“கையால பிடிச்சா தப்பு இல்லைன்னுதானே சொன்னீங்க?” என்றார்.