பொதுக் கொள்கை மேற்படிப்பு: 'மக்களுக்கு சேவை செய்யணும்'னு எழுதினா சீட் கிடைக்குமா?

"சிறு வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு." பொதுக் கொள்கை மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம்ம ஊர் மாணவர்கள் பலரது கட்டுரை இப்படித்தான் தொடங்குகிறது. பொய்யில்லை, மனசார எழுதுவதுதான். சிக்கல் என்னன்னா, இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிற கிட்டத்தட்ட எல்லாருக்கும் இதே கனவுதான். அதனால் உங்களைப் பற்றி இந்த வரி எதையுமே சொல்வதில்லை.

அப்படின்னா என்னதான் எழுதணும்?

முதலில் இது என்ன படிப்புன்னு பார்த்துடலாம். அரசு ஒரு திட்டத்தை ஏன் கொண்டு வருகிறது, அது யாருக்குப் போய்ச் சேருகிறது, எங்கே கசிகிறது, செலவுக்கு ஏற்ற பலன் இருக்கிறதா என்பதைப் படிப்பதுதான் பொதுக் கொள்கை. சுருக்கமாக எம்.பி.பி. என்பார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு கென்னடி பள்ளி, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டின் பிளவட்னிக் பள்ளி, சிங்கப்பூரில் லீ குவான் யூ பள்ளி, நம்ம பக்கத்தில் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி எனப் பல இடங்களில் இருக்கிறது. இன்ஜினியரும் வருவார், டாக்டரும் வருவார், பத்திரிகையாளரும் வருவார். ஆளுக்கு ஒரு டிகிரி என்பதால் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. அங்கேதான் இந்தக் கட்டுரைக்கு வெயிட் கூடுகிறது.

எஸ்.ஓ.பி.யும் பெர்சனல் ஸ்டேட்மென்ட்டும் ஒண்ணா?

சில இடங்களில் ஒன்றுதான், சில இடங்களில் இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. ஒன்றில் என்ன படிக்கப் போறீங்க, ஏன் என்று சொல்லணும். இன்னொன்றில் எங்கிருந்து வந்தீங்க என்று சொல்லணும். இங்கிலாந்து அரசின் செவனிங் உதவித்தொகைக்குப் போனால் தலைமைப் பண்பு, தொடர்புகள், படிப்பு, எதிர்காலத் திட்டம் என்று கேள்விகளே வேற. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க, ஒரே கட்டுரையை நாலு இடத்துக்கு அனுப்பாதீங்க.

இப்போ முக்கியமான விஷயம். கற்பனையாக ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவரது முதல் வரைவு இது:

"கிராமப்புற ஏழை மக்கள் படும் துன்பங்களை நேரில் கண்டு மனம் வருந்தினேன். தொழில்நுட்பத்தின் மூலம் அவர்களது வாழ்வை மேம்படுத்த விரும்புகிறேன்."

யாருடைய துன்பம்? எந்தத் தொழில்நுட்பம்? ஒன்றுமே தெரியவில்லை. அதே மாணவி, அதே அனுபவம், இரண்டாவது வரைவு:

"எங்கள் தெரு ரேஷன் கடையில் என் பாட்டியின் கைரேகை மூன்று முறை பதியவில்லை. வாழ்நாள் முழுக்கச் சித்தாள் வேலை பார்த்தவர் அவர், விரல் ரேகை தேய்ந்துவிட்டது. கடைக்காரர் மாதக் கடைசியில் வரச் சொன்னார். அடுத்த இரண்டு மாதம் விடுமுறை நாட்களில் கடையருகே உட்கார்ந்து, எத்தனை பேர் இப்படித் திரும்பிப் போகிறார்கள் என்று குறித்துப் பார்த்தேன்."

இதில் கண்ணீரும் இல்லை, பெரிய வார்த்தையும் இல்லை. ஆனால் ஒரு ஆள் தெரிகிறார். பிரச்னையைப் பார்த்துட்டு நகர்ந்து போகாமல், அதை எண்ணிப் பார்த்த ஆள்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கிணறுதான். அந்தக் கைரேகைக் கருவி அங்கே ஏன் இருக்கிறது? போலி கார்டில் அரிசி போவதைத் தடுக்க. சோதனையை இறுக்கினால் தகுதியான பாட்டி வெறுங்கையோடு திரும்புவார். தளர்த்தினால் தகுதியில்லாதவர் உள்ளே வருவார். ஒரு பிழையைக் குறைக்கப் போனால் இன்னொன்று கூடுகிறது. அப்போ கண் கருவிழி பதிவு வைக்கலாமா, செல்போனுக்கு ஓ.டி.பி. அனுப்பலாமா, பதிவேட்டில் கையெழுத்து வாங்கலாமா? ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, யார் விடுபடுவார்கள்? போன் இல்லாத பாட்டிக்கு ஓ.டி.பி. எப்படி வரும்?

கடைக்காரரையும் வில்லனாக்க வேண்டாம். வரிசை நீளம், கருவி ஒன்று, ஆளும் ஒருவர் என்றால் சிக்கலான கார்டுகளை மாதக் கடைசிக்குத் தள்ளுவது அவருக்கு இருக்கும் ஒரே வழியாக இருக்கலாம். 'அதிகாரிகள் சரியில்லை' என்று முடிக்கிறவரை விட, அவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று கேட்கிறவரைத்தான் இந்தப் படிப்பு தேடுகிறது. கொள்கை படிப்பதன் அடிப்படையே இந்தக் கேள்விதான்.

"எனக்கு அப்படிப் பெரிய அனுபவம் எதுவும் இல்லையே" என்று தயங்குபவர்கள் மேலே இருக்கும் உதாரணத்தை மறுபடி பாருங்கள். ஐ.நா. இன்டர்ன்ஷிப் அதில் இல்லை. ஒரு ரேஷன் கடை, ஒரு நோட்டு, அவ்வளவுதான். டவுன் பஸ், சத்துணவுக் கூடம், பத்திரப் பதிவு அலுவலகம் என எதுவாகவும் இருக்கலாம். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இந்த இடங்களெல்லாம் நெருக்கமாகத் தெரியும். ஆனால் அதை 'சாதாரண விஷயம்' என்று விட்டுவிட்டு, காந்தி, கலாம் மேற்கோளோடு ஆரம்பிக்கிறவர்கள் பலர். அதுதான் வருத்தம்.

கஷ்டத்தை எழுதலாமா? தாராளமாக. ஆனால் கஷ்டப்பட்டதை மட்டும் சொல்லி நிறுத்தினால் படிப்பவருக்கு இரக்கம் வரும், அவ்வளவுதான். அந்தக் கஷ்டம் மற்றவர் பார்க்காத எதைப் பார்க்க வைத்தது என்று சொல்லுங்க.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைப் பற்றி எழுதுறீங்கன்னு வைப்போம். உங்க ஊர்ப் பள்ளியில் வருகை கூடியிருந்தால் உடனே 'திட்டத்தால்தான் கூடியது' என்று அடித்துச் சொல்லாதீங்க. கொரோனா முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்த காலமும் அதுதானே? இதைப் பிரித்துப் பார்க்க எப்படி முடியும் என்று கேட்டாலே போதும். பாராட்டோ விமர்சனமோ, கட்சி மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடக் கூடாது.

'ஏன் எங்க கல்லூரி?' என்ற கேள்விக்கு என்ன பதில்?

'உலகத் தரம் வாய்ந்த கல்வி' என்று எழுதினால் அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்ததைச் சொல்றீங்க. உங்களால் இப்போ எதைச் செய்ய முடியலையோ அங்கிருந்து தொடங்குங்க. அந்த மாணவியின் கணக்கு ஒரு கடைக்குத்தான் செல்லும். மாவட்டம் முழுக்கப் பேசணும்னா மாதிரி எடுப்பு, புள்ளியியல், செலவுக் கணக்கு தெரியணும். அதைக் கற்றுத் தரும் பாடம் எது என்று பெயர் சொல்லி எழுதலாம். ஆக்ஸ்ஃபோர்டின் எம்.பி.பி. ஒரே வருடம், கென்னடி பள்ளியின் எம்.பி.பி. இரண்டு வருடம், நடுவில் கோடை விடுமுறையில் களப்பணிக்கு இடம் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும், ஏன் என்பதுகூட நல்ல காரணம்தான்.

கணக்கில் மார்க் குறைவா? மறைக்காதீங்க, புலம்பவும் வேண்டாம். பொருளாதாரமும் புள்ளியியலும் இந்தப் படிப்பில் தப்பிக்க முடியாதவை. அதற்குப் பிறகு என்ன கற்றுக்கொண்டீங்க என்று இரண்டு வரி போதும்.

கன்சல்டன்சி தரும் ரெடிமேட் கட்டுரையையும் ஏ.ஐ. எழுதித் தருவதையும் அப்படியே அனுப்புவது ஆபத்து. விதிமீறல் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பாட்டியின் தேய்ந்த விரல் அந்த இரண்டுக்குமே தெரியாது. பிழை திருத்த உதவி வாங்கலாமா என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விதியிலும் இருக்கும், படிச்சுப் பாருங்க.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு டிசம்பர், ஜனவரியில் கடைசித் தேதி வரும். ஆகஸ்டிலேயே முதல் வரைவை எழுதிடுங்க. பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியருக்கும் ஒரு பிரதி கொடுங்க, அவர் சொல்வதும் நீங்க சொல்வதும் முரண்படாமல் இருக்கும். அனுப்பும் முன் கல்லூரிப் பெயரை மட்டும் இன்னொரு தடவை பாருங்க. ஹார்வர்டுக்குப் போகிற கட்டுரையில் ஆக்ஸ்ஃபோர்டு பெயர் இருந்தால் மற்றதெல்லாம் வீண்.